லிஸ்பன் மாநகரில் ஆறு நாட்கள்



பிள்ளைகளைக் கடல் கடந்து வேலைக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசி மணியை எதிர்பார்த்திருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் உள்ளனர். அழைப்பு வந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "சாப்பிட்டாயா?" என்பது, அடுத்தது, "ஊர் எப்படி இருக்கிறது?" என்பது. இரண்டாம் கேள்விக்கு, "நன்றாக இருக்கிறது" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். அந்த விடைக்குப் பின்னால் எத்தனை தடுமாற்றமும் வியப்பும் தனிமையும் மறைந்து கிடக்கின்றன என்பதை, சென்ற மே மாதம் அந்நிய நகரொன்றில் ஆறு நாட்கள் தங்க நேர்ந்தபோது ஓரளவு உணர்ந்தேன். அந்த உணர்வையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மண்ணுக்கடியிற் செல்லும் குடிநீர்க் குழாய்களின் கசிவைத் தோண்டாமலே கண்டறியும் முறைகள் குறித்து ஐந்து நாள் பயிற்சி பெறுவதற்காக, நான் பணிபுரியும் நிறுவனம் என்னைப் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனுக்கு அனுப்பியது. சுற்றுலாப் பயணி ஊரைப் பார்ப்பதற்கென்றே செல்கிறார். அலுவலுக்குச் செல்பவனோ வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவேளைகளில்தான் ஊரைப் பார்க்கிறான். ஆயினும் அதில் ஒரு நன்மை உண்டு. காலையில் பணிக்கு விரையும் மக்களோடு தானும் ஒருவனாய் நின்று வண்டி ஏறுகிறான். ரொட்டிக் கடையில் அவர்களோடு வரிசையில் நிற்கிறான். மே மாத நடுவில் அங்கே இரவு எட்டரை மணி வரை கதிரவன் மறைவதில்லை. ஆகவே மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி முடிந்ததும், நடப்பதற்கு எனக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேலாக வெளிச்சம் கிடைத்தது.

ஆறும் குன்றும்

வளைகுடா நகரொன்றில் விமானம் மாறி லிஸ்பனை நெருங்கியபோது, முதலில் கண்ணில் பட்டவை செம்மண் நிற ஓடு வேய்ந்த கூரைகளும், கடலோ என்று மயங்க வைக்கும் அகன்ற நீர்ப்பரப்பும்தான். அது கடலன்று, தேஜூ என்னும் ஆறு. அட்லாண்டிக் பெருங்கடலில் கலப்பதற்குச் சற்று முன்னே அது ஏரிபோல் விரிந்து நிற்கிறது. அவ்விடத்தை அவ்வூரார் 'வைக்கோல் கடல்' என்று அழைக்கின்றனர். ஆற்றின் குறுக்கே, 2,277 மீட்டர் நீளமுள்ள செந்நிறத் தொங்கு பாலம் ஒன்று செல்கிறது. 1966-ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது அது சர்வாதிகாரி சலசாரின் பெயரைத் தாங்கியிருந்தது. 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று, படைவீரர்கள் துப்பாக்கிக் குழல்களில் செம்மலர் செருகிக்கொண்டு அந்த ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தனர். பாலத்துக்கும் அந்த நாளே பெயராயிற்று. பாலத்தின் தென்கரையில், 1959-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கிறிஸ்து அரசரின் பெரும் சுரூபம், இரு கரங்களையும் நகரை நோக்கி விரித்தபடி நிற்கிறது.

லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்பர். எண்ணிப் பார்ப்பதற்கு எனக்கு நேரமில்லை. ஆனால் என் முழங்கால்கள் எண்ணிவிட்டன! ஒரு தெருவில் இறங்கினால் அடுத்த தெருவில் ஏறியாக வேண்டும். நடைபாதை முழுவதும் கையளவுச் சுண்ணாம்புக் கற்கள் பதித்து, வெள்ளையும் கறுப்புமாகக் கோலமிட்டதுபோல் அழகு செய்துள்ளனர். தலைமுறை தலைமுறையாய்க் கால்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய கற்கள் அவை. சிறு தூறல் விழுந்தாலும் வழுக்கும். நம் பழைய வில்லுவண்டி புகுவதற்கே தயங்கும் சந்துகளில், மஞ்சள் நிற டிராம் வண்டிகள் சுவரை உரசாத குறையாக வளைந்து செல்கின்றன. வீட்டுச் சுவர்களிலோ நீலமும் வெள்ளையுமான ஓவிய ஓடுகள். மாடி ஜன்னல்களில் துணிகள் காய்கின்றன. அவற்றுக்கிடையே முதிய பெண்மணி ஒருவர் முழங்கையூன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூதாட்டி கற்பித்த சொற்கள்

நான் தங்கிய விடுதி, பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை. அதைப் பராமரிப்பவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குப் போர்த்துக்கீசிய மொழி தெரியாது. இருப்பினும் அவர் தளரவில்லை. கையிலிருந்ததை உயர்த்திக் காட்டி, "ஷாவ்" என்றார். நான் "சாவி" என்றேன். அவர் விழிகள் விரிந்தன. மேசையைத் தட்டி "மேஸா" என்றார், "மேசை" என்றேன். பின்பு "அர்மாரியு" என்று அலமாரியையும், "ஜனேலா" என்று ஜன்னலையும், "துவால்யா" என்று துவாலையையும் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் நான் தமிழில் மறுமொழி சொல்லச் சொல்ல, அந்த அம்மையார் குழந்தைபோல் சிரித்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு முன் எனக்கு முற்றிலும் அந்நியமாயிருந்த அறை, என் வீட்டு அறைபோல் ஆகிவிட்டது.

இது தற்செயலன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் நம் கரைக்கு வந்தபோது, பொருளோடு சொல்லும் வந்திறங்கிற்று. ஏலம், கோப்பை, பீப்பாய், மேஸ்திரி, பாதிரி ஆகிய யாவும் அம்மொழியினின்று நாம் பெற்றவையே. யாழ்ப்பாணத்தார் வழங்கும் கதிரை, சப்பாத்து, பாண் ஆகியவையும் அத்தகையனவே. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. போர்த்துக்கீசியர் அக்காலத்தில் 'சாவி' என்ற சொல்லின் முதலெழுத்தை வல்லோசையாகவே ஒலித்தனர். பின்னர் லிஸ்பனில் அவ்வொலி மெலிந்து 'ஷ' ஆயிற்று. அவர்கள் நழுவவிட்ட பழைய ஓசையை நம் தமிழ்நா நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகிறது!

சொற்கள் ஒரு வழியில் மட்டும் செல்லவில்லை. 1554-ஆம் ஆண்டு இந்த லிஸ்பன் நகரில்தான் தமிழ் மொழியிலான முதல் நூல் அச்சேறியது. தமிழும் போர்த்துக்கீசியமும் கலந்த சிறு மறைக்கல்வி நூல் அது. தமிழ் அச்செழுத்துக்கள் அன்று இல்லாமையால், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டனர். அதன் ஆக்கத்தில் இந்தியாவிலிருந்து சென்ற மூவர் பங்குகொண்டனர். தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது அதற்குப் பின்னரே. அந்த மூவரும் இக்குன்றுத் தெருக்களில் எப்படி நடந்திருப்பர்? குளிரில் நடுங்கியிருப்பரோ? எவர் வீட்டில் உண்டிருப்பர்? நான் அறியேன். ஆயினும், தமிழ் பேசிய அந்நியருக்கு இந்நகர் புதிதன்று என்ற எண்ணம் எனக்கு ஆறுதலாய் இருந்தது.

உணவைப் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் இல்லத்தரசிகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். மளிகைக் கடை வாசலில், நம் கடலோரச் சந்தைகளில் கருவாடு அடுக்கியிருப்பதுபோல் உப்பிட்டு உலர்த்திய பெரிய மீன்களை அடுக்கியிருந்தனர். வடகடலில் பிடிக்கப்படும் 'பக்கல்யாவ்' என்னும் மீன் அது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விதமாக அதைச் சமைக்க வழியுண்டு என்று பெருமை பேசிக்கொள்கிறார்கள். உருளைக்கிழங்கும் எண்ணெயும் சேர்த்துச் சமைத்ததை உண்டேன், சுவையாகவே இருந்தது. ஆனால் காரம்? அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இவர்களே. கொண்டுவந்தவர் கிள்ளியளவே பயன்படுத்துகின்றனர். பெற்றுக்கொண்ட நாமோ அது இல்லாமல் குழம்பு வைப்பதில்லை!

விழுந்தெழுந்த நகரம்

செவ்வாய் மாலை நகரின் நடுப்பகுதியான பைஷாவுக்குச் சென்றேன். குன்றுகளின் மேல் தெருக்கள் கோணல்மாணலாய்க் கிடக்க, இங்கு மட்டும் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராக ஓடுகின்றன. அதற்குக் காரணம் ஒரு பேரழிவு.

1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், ஆலயங்களில் மக்கள் நிறைந்து, பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் நிலம் நடுங்கியது. கற்கூரைகள் வழிபட்டுக்கொண்டிருந்தோர் மேல் விழுந்தன. தப்பியோர் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே கடல் பொங்கி வந்து அவர்களை வாரிச் சென்றது. கவிழ்ந்த திரிகளும் அடுப்புகளும் மூட்டிய தீ பல நாட்கள் எரிந்தது. ஆயிரமாயிரம் மக்கள் மாண்டனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் வேளாங்கண்ணியிலும் நாகையிலும் குளச்சலிலும் கடல் செய்ததைக் கண்டவர்களுக்கு, இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அரசின் தலைமை அமைச்சராயிருந்த பொம்பால் பிரபு நகரை மீண்டும் எழுப்பினார். புதிய வீடுகளின் சுவருக்குள் கூண்டுபோல் மரச்சட்டங்கள் பின்னப்பட்டன. நிலம் அசைந்தால் வீடும் சேர்ந்து அசைந்துகொடுக்கும், உடனே இடிந்து விழாது. ஆனால் குன்றின் மேலுள்ள கார்மேல் மடத்தின் ஆலயத்துக்கு மட்டும் இன்றுவரை கூரை இல்லை. வானமே கூரையாக, வெறும் வளைவுகள் நிற்கின்றன. அந்த நாளின் நினைவு அவ்வாறே நிற்கிறது.

என் தொழிலுக்கேற்ற வியப்பும் ஒன்று அங்கிருந்தது. 1748-ஆம் ஆண்டு முதல் நகருக்கு நீர் கொண்டுவந்த கல்லாலான உயர்கால்வாய், அல்காந்தரா பள்ளத்தாக்கை 35 வளைவுகளின் மேல் கடக்கிறது. உயரமான வளைவு 65 மீட்டர். நகரே சரிந்த அந்நாளில் இது சரியவில்லை. வீடிழந்தோருக்கும் நீர் தந்தது. இன்று அதன் வழியே குடிநீர் செல்வதில்லை, காண்போருக்காக நிற்கிறது. எங்கள் பயிற்சியாளர் ஒரு நாள் கூறினார்: "கசிவைத் தேடுபவன் இரவில்தான் வேலை செய்ய வேண்டும். பகலின் இரைச்சலில் குழாய் பேசுவது கேட்காது." கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நாங்கள் பயின்றோம். ஊரைப் புரிந்துகொள்ளவும் இத்தகைய பொறுமை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஊரை விட்டுச் சென்ற மைந்தர்கள்

நாம் 'பதுவைப் புனித அந்தோனியார்' என்கிறோம். லிஸ்பன் மக்களிடம் அவ்வாறு சொன்னால் முகம் சுருங்குகிறது! 1195-ஆம் ஆண்டு அவர் பிறந்தது இந்நகரிலே. பேராலயத்துக்கு அருகில், அவர் பிறந்த வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் ஓர் ஆலயம் உள்ளது. நிலநடுக்கத்தில் இடிந்த அதனை மீண்டும் கட்ட, சிறுவர்கள் தெருவில் சிறு பீடங்கள் அமைத்து, 'அந்தோனியாருக்கு ஒரு காசு' என்று கேட்டுத் திரட்டியதும் உதவிற்றாம். 1982-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கு வந்து செபித்தார். உவரியிலும் புளியம்பட்டியிலும் நாம் திரளாய்க் கூடிக் கொண்டாடும் புனிதர் பிறந்த இடத்தில், நிலவறையின் குளிர்ந்த கல் அருகே நான் தனியாய் முழந்தாளிட்டேன்.

இதே நகரில்தான் 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நம் புனித அருளானந்தரும் பிறந்தார். அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாய் வளர்ந்தவர், அனைத்தையும் துறந்து சேசு சபையிற் சேர்ந்து, 1673-ஆம் ஆண்டு கப்பலேறினார். காவி உடுத்தி, புலால் மறுத்து, மறவ நாட்டு மக்களிடையே அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தார். சிறையும் சித்திரவதையும் அடைந்தபின், சபையின் பணிக்காக 1687-ஆம் ஆண்டில் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். அன்று அரசராயிருந்தவர் பழைய தோழரான இரண்டாம் பெத்ரோ. 'இங்கேயே இரும்' என்று அவர் வேண்டினார். அருளானந்தர் இணங்கவில்லை. தமக்காகக் காத்திருந்த மக்களிடம் திரும்பினார். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு உயிர் நீத்தார். லிஸ்பனின் அல்வலாட் பகுதியில் அவர் பெயரால் ஒரு பங்கு ஆலயம் உண்டு. ஓரியூரின் செம்மண்ணைக் கண்ட கண்களால் அப்பெயரை வாயிலில் படித்தபோது, எனக்குப் பேச்செழவில்லை.

சவேரியாரும் 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தமது முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், இந்தத் துறைமுகத்திலிருந்தே நம் நாட்டுக்குப் புறப்பட்டார். ஆக, இந்நகரின் பெருமைக்குரியோர் பலர் ஊரை விட்டுச் சென்று வேற்றூரில் அந்நியராய் இறங்கியவர்கள். யாரோ ஒருவர் கதவு திறந்தார். யாரோ ஒருவர் மொழி கற்பித்தார். அதனால்தான் அவர்கள் பணி நிறைவேறிற்று.

ஆனால் அதே துறைமுகத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெலேம் என்னுமிடத்திலுள்ள ஜெரோனிமுஸ் மடத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1524-ஆம் ஆண்டு கொச்சியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவரின் எலும்புகள், 1539-ஆம் ஆண்டு தாயகம் கொண்டுவரப்பட்டன. கல்லில் செதுக்கிய அக்கலையழகைக் கண்டு வியவாதார் இல்லை. ஆயினும் மிளகும் பட்டையும் ஏற்றி வந்த அக்காலத்தில்தான், ஆப்பிரிக்காவின் கறுப்பின மக்கள் விலங்கிடப்பட்டு இந்நாட்டுக் கரைகளில் இறக்கப்பட்டார்கள். தங்கள் விருப்பமின்றி வந்த அந்நியர் அவர்கள்.

வடுக்களை மறைக்காத ஆலயம்

வியாழன் மாலை நான் கண்டதை எளிதில் மறவேன். புனித சாமிநாதர் பெயரால் அமைந்த பழைய ஆலயம் அது. உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றேன். 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பற்றிய பெருந்தீயில் அவ்வாலயம் எரிந்தது. 1994-ஆம் ஆண்டு மீண்டும் திறந்தபோது, வெடித்த தூண்களையும் கருகிய கற்களையும் மெழுகி மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டனர். அத்தூண்களுக்கிடையே மக்கள் அமைதியாய் அமர்ந்து செபிக்கின்றனர்.

அந்த ஆலயத்துக்குத் தீயினும் கொடிய வடு ஒன்று உண்டு. 1497-ஆம் ஆண்டு போர்த்துக்கல்லின் யூதர்கள் வற்புறுத்தித் திருமுழுக்குப் பெறச் செய்யப்பட்டனர். 'புதிய கிறிஸ்தவர்' என்று அவர்களுக்குப் பெயர். 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 19, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. கொள்ளைநோயாலும் வறட்சியாலும் வாடிய மக்கள் அங்கு செபித்துக்கொண்டிருந்தனர். பாடுபட்ட சுரூபத்தில் ஓர் ஒளி தெரிய, 'புதுமை' என்று கூவினர். புதிய கிறிஸ்தவர் ஒருவர், அது மெழுகுதிரியின் ஒளியாயிருக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை வெளியே இழுத்துச் சென்று கொன்றனர். துறவியர் சிலரே கூட்டத்தைத் தூண்டிவிட, மூன்று நாட்கள் கொலை நடந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர் என்பர். பின்னர் அரசர் குற்றவாளிகளைத் தண்டித்தார். தண்டிக்கப்பட்டோரில் துறவியரும் இருந்தனர்.

இதை நம் குடும்ப இதழில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். லிஸ்பன் திருச்சபை இதை மறைக்கவில்லை. அன்றைய பிதாப்பிதா கர்தினால் ஜோசே பொலிகார்ப்பு 2000-ஆம் ஆண்டில் யூத மக்களிடம் மன்னிப்புக் கோரினார். 2008-ஆம் ஆண்டில் ஆலயத்தின் முன் சதுக்கத்தில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. திருச்சபையே அஞ்சாது எடுத்துரைத்த உண்மையை எடுத்துச் சொல்ல நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

அந்நியருக்காகத் தன் வாழ்வையே இழந்த ஒருவரையும் இந்நகர் அறியும். ஆறு நோக்கிய சரிவில் புனித எங்கிராசியா ஆலயம் உள்ளது. 1682-ஆம் ஆண்டு தொடங்கிய கட்டடம் 1966-ஆம் ஆண்டில்தான் நிறைவடைந்தது. ஆகவே முடியாத வேலையை அவ்வூரார் 'எங்கிராசியா வேலை' என்று கேலி செய்வர். இன்று அது நாட்டின் பெரியோர்க்குரிய நினைவாலயம். அங்கே 2021-ஆம் ஆண்டு முதல் அரிஸ்திதெஸ் தெ சௌசா மெந்தெஸ் என்பவருக்கும் நினைவுக்கல் உண்டு. பக்தியுள்ள கத்தோலிக்கர், பதினான்கு பிள்ளைகளின் தந்தை. 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரான்சின் போர்தோ நகரில் போர்த்துக்கல்லின் தூதராயிருந்தார். ஜெர்மன் படை நெருங்க, யூதரும் பிறருமாக அகதிகள் அவர் வாயிலில் குவிந்தனர். அவர்களுக்கு நுழைவுச்சீட்டு வழங்கலாகாது என்பது மேலிடத்தின் கட்டளை. அவரோ மனச்சாட்சியின் கட்டளைக்குப் பணிந்து, ஆயிரக்கணக்கானோர்க்குக் கையொப்பமிட்டுத் தந்தார். விளைவு? பதவி பறிபோயிற்று, குடும்பம் வறுமையுற்றது. லிஸ்பனில் யூத சமூகத்தார் அகதிகளுக்காக நடத்திய உணவுச்சாலையில் அவர் குடும்பம் உணவருந்தும் நிலை வந்தது. யாருக்குக் கதவு திறந்தாரோ, அவர்களின் இனத்தார் அவருக்குச் சோறிட்டனர். 1954-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். நாடு அவரை உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

பெயர் கேட்டவர்

சாமிநாதர் ஆலயச் சதுக்கத்தில் இன்று மாலைதோறும் கினி-பிசாவு முதலிய ஆப்பிரிக்க நாட்டு மக்கள் கூடி நின்று உரையாடுகின்றனர். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பென்ஃபொர்மோசு தெரு. வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தியரும் நடத்தும் கடைகள்! கொத்துமல்லித் தழையின் மணம் மூக்கைத் தொட்டதும் என் கால்கள் தாமே நின்றுவிட்டன. சிறு கடையொன்றில் வங்கதேச இளைஞர் ஒருவர் தேநீர் ஊற்றித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, ஐயா" என்றார். "முதல் மாதம் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கினோம். அது கடினமாகத் தோன்றவில்லை. பத்து நாட்கள் வரை ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை, அதுதான் கடினமாயிருந்தது. பதினோராம் நாள் ரொட்டிக் கடை அம்மாள், 'உன் பெயர் என்ன?' என்று கேட்டார். அன்றிரவு வீட்டுக்குப் பேசும்போது, ஊர் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன்."

இந்நகரிலும் அந்நியரைப் பற்றிய மனம் ஒன்றாயில்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தெருவில் நடந்த காவல்துறைச் சோதனையில், பலர் கைகளை உயர்த்திச் சுவரைப் பார்த்து வரிசையாய் நிறுத்தப்பட்டனர். அதன் படம் நாடெங்கும் பரவிற்று. அது தேவையான நடவடிக்கையே என்றனர் சிலர். அடுத்த ஜனவரியில் ஆயிரமாயிரம் லிஸ்பன் மக்கள் அதை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். ஒரே நகரில் சுவரும் உண்டு, ரொட்டிக் கடை அம்மாளும் உண்டு.

அன்புக் குடும்பங்களே, நம் ஊர்களுக்கும் இன்று அந்நியர் வருகின்றனர். திருப்பூரின் ஆலைகளிலும் சென்னையின் கட்டடங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் மாநிலத்து இளைஞர்கள் உழைக்கின்றனர். அவர்களுள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தோரும் உள்ளனர். ஞாயிறு திருப்பலியில், மொழி புரியாவிடினும் ஆலயத்தின் கடைசித் தூணருகே கைகூப்பி நிற்கும் பழங்குடி இளைஞனை நீங்கள் கண்டிருக்கலாம். பூசை முடிந்ததும் நாம் ஒருவரோடொருவர் நலம் விசாரித்துக்கொண்டு நிற்க, அவன் தனியே படியிறங்கிப் போய்விடுகிறான். அவனுக்கும் தொலைவில் ஒரு தாய் உண்டு. அவளும் ஊர் எப்படி என்று கேட்கத்தான் செய்வாள்.

அவனுக்காகப் பெருந்திட்டம் எதையும் நாம் தீட்ட வேண்டியதில்லை. வரும் ஞாயிறு அவன் அருகே சென்று பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள். கூடுமானால் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் மொழியில் ஐந்து சொற்களை அவர்களே அவனுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அடுத்த வாரம் அவனைக் காணும்போது அந்தப் பெயரை மறவாமல் சொல்லி அழையுங்கள்.